விரல் நுனியில் விளக்கேற்றிய லூயி பிரெயில்



நமது களம்பூரில் ஒரு நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் நம் கண்ணில் படுவது தறிதான். வீடு வேறு, வேலை செய்யும் இடம் வேறு என்று அங்கே இல்லை. குழித்தறியில் அப்பா உட்கார்ந்திருப்பார். அம்மா இராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். அவர்களைச் சுற்றிக் குழந்தை விளையாடும். பாவில் ஓர் இழை அறுந்தால், பல நேரம் கண்ணுக்கு முன்னால் விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும். நம் ஊர் அரிசியை வாங்க வருபவரும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். விரலுக்கும் ஒரு பார்வை உண்டு என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

ஆனால், அந்த விரலின் பார்வையைக் கொண்டு ஒரு மனிதர் படிக்கவும் எழுதவும் முடியும் என்பதை உலகம் ஏற்றுக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது. அதை உலகிற்குக் காட்டியவர் பெரிய அறிஞர் அல்லர். 15 வயதுச் சிறுவர். நம் வீடுகளைப் போலவே தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீட்டில் பிறந்தவர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த கத்தோலிக்க விசுவாசி. அவர்தான் லூயி பிரெயில். அவருடைய பெயரை நாம் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவருடைய வாழ்க்கை நம்மிடம் கேட்கும் கேள்வியைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

தொழில் செய்யும் வீட்டில் ஒரு குழந்தை

பாரிஸ் நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1809-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் லூயி பிறந்தார். தந்தை சிமோன் ரெனே பிரெயில், குதிரைகளுக்கான சேணமும் தோல் வார்களும் செய்யும் தொழிலாளி. தாயார் மோனிக். நான்கு பிள்ளைகளில் லூயிதான் கடைசி.

வீட்டோடு சேர்ந்த பட்டறையில் தோலை வெட்டும் கத்திகளும் துளைக்கும் ஊசிகளும் கிடந்தன. 1812-இல், மூன்று வயதுக் குழந்தையான லூயி, அப்பாவைப் போலத் தானும் வேலை செய்து பார்க்க ஆசைப்பட்டு அந்தக் கூர்மையான கருவிகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். அது வழுக்கி ஒரு கண்ணைக் குத்திவிட்டது. நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. காயம்பட்ட கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கும் நோய் பரவியது. ஐந்து வயதுக்குள் இரு கண்களிலும் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது.

அந்தப் பெற்றோரின் மனவேதனையை நாம் எண்ணிப் பார்க்கலாம். அக்காலத்தில் பார்வை இழந்த ஏழைப் பிள்ளைக்குத் தெருவில் பிச்சை எடுப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. ஆனால் சிமோன் ரெனே தம் மகனை மூலையில் உட்கார வைக்கவில்லை. வழியைத் தட்டிப் பார்த்து நடக்கக் கைத்தடி செய்து கொடுத்தார். மரப்பலகையில் ஆணிகளை அடித்து, அவற்றைத் தடவிப் பார்த்து எழுத்துகளின் வடிவத்தை அறியச் செய்தார் என்றும் சொல்லப்படுகிறது.

பங்குத்தந்தை காட்டிய வழி

1815-இல் அந்த ஊருக்குப் புதிய பங்குத்தந்தையாக வந்தவர் அருட்தந்தை ஜாக் பல்லுய். அவர் இந்தச் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கவனித்தார். தாமே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் பேசி, பார்வையுள்ள பிள்ளைகளோடு லூயியும் வகுப்பில் உட்கார ஏற்பாடு செய்தார். கேட்டதை மறக்காத பிள்ளையாக இருந்ததால் லூயி வகுப்பில் முன்னணியில் நின்றார். ஆனால் மற்றவர்கள் புத்தகத்தைத் திறந்ததும் அவருடைய படிப்பு நின்றுவிடும்.

அருட்தந்தை இத்தோடு விட்டுவிடவில்லை. அந்தப் பகுதியின் பிரபு ஒருவரின் உதவியை நாடி, பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞருக்கான அரச நிறுவனத்தில் லூயிக்கு இடம் வாங்கித் தந்தார். 1819 பிப்ரவரியில், 10 வயதில், லூயி தம் தந்தையோடு பாரிஸுக்குப் பயணமானார். ஒரு பங்குத்தந்தை தம் பங்கில் இருந்த ஒரு குழந்தையை உற்றுக் கவனித்ததால் தொடங்கிய பயணம் இது.

லூயி வந்து சேர்ந்த கட்டடத்தைப் பற்றியும் நாம் அறிந்துகொள்வது நல்லது. அது ஒரு காலத்தில் புனித ஃபிர்மின் குருமடமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அதைச் சிறையாக்கினார்கள். 1792 செப்டம்பரில் அங்கே பல குருக்கள் கொல்லப்பட்டனர். அந்த மறைசாட்சிகளைத் திருச்சபை 1926-இல் அருளாளர்களாக உயர்த்தியது. குருக்கள் உயிர் கொடுத்த அதே சுவர்களுக்குள், ஈரமும் குளிரும் நிறைந்த அறைகளில், பார்வையற்ற பிள்ளைகள் படித்தார்கள்.

பார்ப்பவர்கள் செய்த எழுத்து

பார்வையற்றோருக்கான அந்தப் பள்ளியை 1785-இல் தொடங்கியவர் வாலந்தேன் அவுய் என்ற நல்ல மனிதர். 1771-இல் பாரிஸில் நடந்த ஒரு சந்தையில், பார்வையற்றவர்களுக்குக் கோமாளி வேடமிட்டு, இசைக்கருவிகளைக் கையில் கொடுத்து, கூட்டம் சிரிப்பதற்காக நிறுத்தியிருந்ததைக் கண்டு அவர் மனம் வருந்தினார். பிற்பாடு ஓர் ஆலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஃபிரான்சுவா லெசுவர் என்ற பார்வையற்ற இளைஞரைத் தம் முதல் மாணவராகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய சகோதரர் ரெனே யுஸ்ட் அவுய் ஒரு குரு. படிகங்களைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர். 1792-இல் அதே புனித ஃபிர்மின் சிறையில் அடைக்கப்பட்டு, படுகொலை நடப்பதற்குச் சற்று முன்புதான் அவர் தப்பினார்.

வாலந்தேன் அவுய் கண்டுபிடித்த முறை எளிமையானது. நாம் கண்ணால் படிக்கும் அதே எழுத்துகளைத் தடித்த ஈரத்தாளில் அழுத்தி, மேடாக எழும்பச் செய்தார். பார்வையற்ற பிள்ளைகள் அவற்றை விரலால் தடவிப் படித்தார்கள். உலகமே வியந்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. கண்ணுக்கு அழகாக இருந்த வளைவும் நெளிவும் விரலுக்குக் குழப்பமாக இருந்தன. ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி வளைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்து போகும். எழுத்துகள் பெரியவை என்பதால் புத்தகங்கள் தூக்க முடியாத கனமாக இருந்தன. எல்லாவற்றையும்விட, அந்த எழுத்தைப் பிள்ளைகள் படிக்கலாமே தவிர எழுத முடியாது. தம் மனத்தில் இருப்பதைத் தாளில் வைக்க அவர்களுக்கு வழியே இல்லை.

அவுயின் அன்பில் குறை இல்லை. ஆனால் அவர் தந்தது பார்ப்பவர்களின் எழுத்து. பார்வையற்றவரின் விரலுக்கு எது எளிது என்று அதுவரை யாரும் அந்த விரலிடமே கேட்கவில்லை.

பன்னிரண்டு புள்ளி ஆறு ஆனது

1821-இல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப் படை அதிகாரி, தாம் உருவாக்கிய முறை ஒன்றை அந்தப் பள்ளிக்கு அனுப்பினார். அதில் கோடுகள் இல்லை. மேடான புள்ளிகள் மட்டுமே. தடவிப் பார்த்த பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது: விரலுக்குக் கோட்டைவிடப் புள்ளியே தெளிவு. கூர்முனை ஒன்று இருந்தால் அதை அவர்களே எழுதவும் முடியும்.

ஆனால் பார்பியே முறையில் 12 புள்ளிகள் வரை இருந்தன. ஒரு குறியை முழுதாக அறிய விரல் மேலும் கீழும் நகர வேண்டும். மேலும் அது ஒலிகளை மட்டுமே குறித்தது. எழுத்துக்கூட்டல் இல்லை, நிறுத்தக்குறிகள் இல்லை, எண்கள் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. பேசுவதை அப்படியே குறித்துக்கொள்ளலாம். முறையாகக் கல்வி கற்க அது போதாது.

லூயிக்கு அப்போது 12 வயது. பகலில் பாடம், இரவிலும் விடுமுறையிலும் புள்ளிகளோடு போராட்டம். தாளில் குத்துவார், தடவிப் பார்ப்பார், மாற்றுவார், மறுபடியும் குத்துவார். அவர் பயன்படுத்திய கூர்முனைக் கருவி, தம் கண்களைப் பறித்த பட்டறைக் கருவிகளின் இனத்தைச் சேர்ந்ததே என்பதை நினைக்கும்போது நம் நெஞ்சம் நெகிழ்கிறது. 1824-இல், 15 வயதில், அவர் விடையைக் கண்டுபிடித்துவிட்டார். நிமிர்ந்த வரிசை இரண்டு, ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிகள். ஆக மொத்தம் ஆறே புள்ளிகள். இவை விரல் நுனிக்குள் ஒரே தொடுதலில் அடங்கிவிடும். ஆறு புள்ளிகளில் எவை மேடாக உள்ளன, எவை இல்லை என்பதைக் கொண்டு 63 வேறுவேறு குறிகளை அமைக்கலாம்.

தறி தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டுச் சேலையில் புட்டா விழ வேண்டுமானால் ஜக்கார்டு பெட்டியில் அட்டைகளைக் கோத்து மாட்டுகிறோம். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும்; இல்லாவிட்டால் நின்றுவிடும். இரண்டே நிலைகள்தாம். ஆனால் அவற்றை வரிசைப்படுத்தினால் மயிலும் மாங்காயும் சேலையில் வந்துவிடுகின்றன. அந்தக் கருவியை லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கினார். அடுத்த 20 ஆண்டுகளில் அதே நாட்டில் லூயியின் புள்ளிகள் பிறந்தன. ஒன்று மற்றொன்றைப் பார்த்துச் செய்தது அல்ல. ஆனால் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளைக் கொண்டே எதையும் எழுதிவிடலாம் என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

1829-இல் தம் முறையை லூயி புத்தகமாக வெளியிட்டார். சொற்களையும், இசையையும், திருவழிபாட்டில் பாடப்படும் கிரகோரியன் பாடல்களையும் புள்ளிகளால் எழுதும் முறை என்று அதன் தலைப்பிலேயே குறிப்பிட்டார். ஆம், அன்பார்ந்தவர்களே! பிரெயில் எழுத்தின் முதல் நூலிலேயே திருச்சபையின் பாடலுக்கு இடம் இருந்தது. தம் முறைக்கு வழிகாட்டியவர் பார்பியே என்பதையும் அந்நூலில் நன்றியோடு ஒப்புக்கொண்டார். அந்த முதல் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. பிள்ளைகளின் விரலுக்கு அவை கடினமாக இருப்பதைக் கண்டு, 1837-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றை நீக்கிவிட்டார். தம் படைப்பையே திருத்திக்கொள்ள அவர் தயங்கவில்லை. நல்ல ஆய்வுக்கு இதைவிட வேறு இலக்கணம் வேண்டுமா?

ஆலயத்தில் இசைத்த விரல்கள்

லூயி தாம் படித்த பள்ளியிலேயே 1833-இல் முழு ஆசிரியரானார். இலக்கணம், வரலாறு, கணிதம், இசை எனப் பல பாடங்களைக் கற்பித்தார். 1834 முதல் 1839 வரை பாரிஸின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் ஆர்கன் இசைத்தார். பிறகு புனித வின்சென்ட் தே பவுல் ஆலயத்திலும் அப்பணியைச் செய்தார். தேவையில் இருந்த பார்வையற்ற இசைக்கலைஞர் ஒருவருக்காகத் தம் ஆர்கன் பணியையே விட்டுக்கொடுத்தார் என்று அவருடைய நண்பர்கள் பதிவு செய்துள்ளனர்.

அவர் மனத்தில் இன்னொரு கவலையும் இருந்தது. புள்ளி எழுத்தில் ஒரு மகன் கடிதம் எழுதினால், பார்வையுள்ள தாய் அதைப் படிக்க முடியாதே! எனவே 1839-இல், வழக்கமான எழுத்துகளின் வடிவத்தையே புள்ளிகளால் குத்தி எழுதும் ஒரு முறையையும் உருவாக்கினார். அதை விரைவாக எழுதுவதற்கு, பார்வையற்றவரான பியர் ஃபூக்கோ என்பவர் லூயியோடு சேர்ந்து ஒரு கருவியை அமைத்தார். பார்வையற்றவருக்கும் பார்வையுள்ளவருக்கும் நடுவே இருந்த சுவரில் அவர்கள் சேர்ந்து ஒரு கதவைத் திறந்தார்கள்.

விலக்கி வைக்கப்பட்ட எழுத்து

இவ்வளவு நல்ல முறையை உலகம் உடனே வரவேற்றிருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1840-இல் பள்ளிக்குப் புதிய இயக்குநராக வந்த துஃபோ, புள்ளி எழுத்தை வகுப்பிலிருந்து விலக்கினார். பார்ப்பவர்கள் படிக்க முடியாத எழுத்து, பார்வையற்றவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அவர் போன்றவர்களின் எண்ணம். மேடான வழக்கமான எழுத்துகளே மீண்டும் கொண்டுவரப்பட்டன. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகளுக்கு நன்மை செய்வதாகவே நினைத்தார்கள். ஆனால் தங்கள் கண்ணையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஒளித்து வைத்து எழுதினார்கள். பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்கு இரகசியமாகக் கற்றுக் கொடுத்தார்கள். ஒருமுறை விடுதலையைச் சுவைத்த விரல்கள் மறுபடியும் அடங்க மறுத்தன. துணை இயக்குநராக இருந்த ஜோசப் கெதே இதைக் கவனித்து மனம் மாறி, இயக்குநரையும் இணங்கச் செய்தார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, லூயியின் எழுத்து மக்கள் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது.

திருக்காட்சிப் பெருவிழா நாளில்

ஆனால் லூயியின் உடல் தளர்ந்துகொண்டிருந்தது. 26 வயதிலேயே அவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. கற்பிப்பதைப் பலமுறை நிறுத்த வேண்டியதாயிற்று. 1851 இறுதியில் நோய் முற்றியது. நற்கருணையையும் நோயில்பூசுதலையும் பெற்றுக்கொண்டு, அமைதியாகத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார். 1852 சனவரி 6-ஆம் நாள், 43 வயது நிறைந்து இரண்டே நாள்களில், இறைவனடி சேர்ந்தார். அது விண்மீனின் ஒளி ஞானிகளை வழிநடத்திய திருக்காட்சிப் பெருவிழா நாள்.

அவருடைய அறையில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதைத் திறக்காமல் எரித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் ஆவல் மிகுதியால் திறந்து பார்த்தவர்கள் வியந்து போனார்கள். அவரிடம் கடன் வாங்கியவர்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளே அதில் நிறைந்திருந்தன. அவர் விரும்பியபடியே அவை நெருப்பில் இடப்பட்டன. நம் கடனை மன்னிக்கும்படி நாள்தோறும் வேண்டும் நாம், பிறர் நமக்குப் பட்ட கடனை எப்படி மன்னிக்கிறோம் என்று இந்த ஏழை ஆசிரியரின் பெட்டி நம்மைக் கேட்கிறது.

அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல்தான் அவருடைய பள்ளி அவருடைய எழுத்தை முறைப்படி ஏற்றது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதை மற்ற முறைகளைவிடச் சிறந்ததாகத் தேர்ந்துகொண்டது. 1952-இல் அவருடைய உடல், பிரான்சு நாட்டின் மாமனிதர்கள் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவருடைய கைகள் மட்டும் பிறந்த ஊரான கூப்வ்ரேயிலேயே வைக்கப்பட்டன. அவர் பிறந்த சனவரி 4-ஆம் நாளை 2019 முதல் உலகப் பிரெயில் நாளாக ஐ.நா. சபை கடைப்பிடித்து வருகிறது.

தமிழுக்கு வந்த புள்ளிகள்

நம் நாட்டில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-இல் அமிர்தசரசில் தொடங்கியது. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1890-இல் சீர்திருத்தத் திருச்சபையின் மறைப்பணியாளரான ஆஸ்க்வித் அம்மையார் இப்பணியைத் தொடங்கினார். பூந்தமல்லியில் அரசுப் பள்ளி இருக்கிறது. சென்னை அடையாற்றில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்தும் புனித லூயிஸ் நிறுவனம், லிட்டில் பிளவர் கான்வென்ட் பார்வையற்றோர் பள்ளி எனக் கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பணியில் பங்கேற்றுள்ளது.

தொடக்கத்தில் இந்தியாவில் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு விதமான புள்ளி எழுத்து இருந்தது. 1951-இல்தான் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை ஏற்கப்பட்டது. அதில் நம் தமிழும் அடங்கும். ஒன்றாம் புள்ளி மட்டும் இருந்தால் அது நம் 'அ'. க, ப, ம, ல ஆகிய எழுத்துகளுக்கு, பிரெஞ்சு மொழியில் அவற்றோடு ஒலி ஒத்த எழுத்துகளுக்கு லூயி கொடுத்த அதே புள்ளிகளே அமைந்துள்ளன. பாரிஸில் ஒரு சிறுவன் குத்திய புள்ளிகள், ஏறக்குறைய அப்படியே நம் தாய்மொழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன!

விரல் நுனியில் தொடரும் ஆய்வு

தொட்டு அறியும் கருவிகளைப் பற்றிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. சிறிய ஊசிகள் மின்விசையால் மேலே எழும்பியும் கீழே இறங்கியும், ஒரே பலகையில் புத்தகம் முழுவதையும் வரிவரியாகக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன. இவற்றின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்ததால், டெல்லி ஐ.ஐ.டி. குழுவினர் நம் நாட்டிலேயே டாட்புக் என்ற கருவியை உருவாக்கி 2019-இல் வெளியிட்டனர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் தொடு உணர்வைப் பற்றி ஆராயும் கூடம் இருக்கிறது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயிலைத் தடவிப் படிக்கும்போது, மூளையில் பார்வைக்கென உள்ள பகுதியே வேலை செய்கிறது என்று 1996-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். விரலுக்கும் பார்வை உண்டு என்று நாம் தொடக்கத்தில் சொன்னது வெறும் பேச்சு அல்ல.

நம் சட்டைப்பையிலேயே இந்த ஆய்வின் பலன் இருக்கிறது. 100 ரூபாய் நோட்டில் மேடான முக்கோணமும், இரு ஓரங்களிலும் நான்கு கோடுகளும் உள்ளன. 500 ரூபாய் நோட்டில் வட்டமும் ஐந்து கோடுகளும் உள்ளன. அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். பழைய கசங்கிய நோட்டில் அது எவ்வளவு கடினம் என்பதும் நமக்குப் புரியும்.

கைப்பேசிதான் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்கிறதே, இனிப் பிரெயில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பார்வையற்ற பிள்ளைகளைப் பிரெயில் கற்கவிடாமல், கேட்டே படிக்கட்டும் என்று விட்டுவிடும் நிலையும் உருவாகிறது. கைப்பேசி நல்ல துணைதான். ஆனால் பார்பியேயின் முறையில் இருந்த அதே குறை இங்கேயும் திரும்பி வருவதை நாம் கவனிக்க வேண்டும். அது ஒலியை மட்டுமே தருகிறது. நம் தமிழில் ஒலி வேறு, ஒளி வேறு. பலருடைய பேச்சில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். காதால் மட்டும் கற்கும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்? பிரெயிலில் 'ல' என்பது இடப்பக்க மூன்று புள்ளிகள். 'ள' என்பது வலப்பக்க மூன்று புள்ளிகள். விரல் தொட்டதும் ஒலி எது, ஒளி எது என்று தெரிந்துவிடும். எழுத்தறிவு என்பது அதுதான். பார்வையுள்ள நம் பிள்ளைகளுக்கு எழுத்து வேண்டாம், கேட்டால் போதும் என்று நாம் சொல்வோமா?

முதலில் கேட்போம்

எரிகோ நகருக்கு வெளியே வழியோரத்தில் பர்த்திமேயு என்ற பார்வையற்றவர் கூவி அழைத்ததை மாற்கு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கூட்டம் அவரை அதட்டியது. ஆனால் இயேசு நின்றார். அவரை அழைக்கச் சொன்னார். அவருக்கு என்ன தேவை என்பது இயேசுவுக்குத் தெரியாதா? இருந்தும், தாமாக முடிவு செய்யாமல், தாம் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் அவரையே கேட்டார். பர்த்திமேயு தம் வாயால் சொன்ன பிறகே குணமளித்தார்.

லூயி பிரெயிலின் வாழ்க்கை நமக்கு முன்னால் வைப்பதும் இந்தக் கேள்வியைத்தான். நல்ல மனம் படைத்தவர்கள்கூட, பார்வையற்றவரிடம் கேட்காமல் அவருக்காகத் தாங்களே முடிவெடுத்தார்கள். அதனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். சாலையைக் கடக்க விரும்பாதவரைக் கைப்பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விடுவதும், அவரிடம் பேசாமல் உடன் வந்தவரிடம் அவரைப் பற்றிக் கேட்பதும், ஆலயத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டு உதவி செய்துவிட்டதாக நினைப்பதும் நம்மிடமும் உண்டு அல்லவா?

நம் அன்பியங்களில் பார்வை குறைந்த பிள்ளை யாரேனும் இருந்தால், அருட்தந்தை பல்லுய் செய்ததைப் போல நாம் செய்யலாம். முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். பார்வை திரும்பாது என்று தெரிந்தால், காலத்தை வீணாக்காமல் கல்விக்கு வழி தேடுவோம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. சிறப்புப் பள்ளிகளின் விடுதிகளும் இருக்கின்றன. பிரெயில் கற்ற ஒருவர் நம் பங்கில் இருந்தால், அவருக்கு ஒரு ஞாயிறு திருப்பலியின் வாசகத்தைப் பிரெயிலில் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, வாசகராக முன்னே நிற்க விருப்பமா என்று கேட்டுப் பார்ப்போம். அவர் விரல் வரிமேல் நகர, இறைவார்த்தை ஆலயம் முழுவதும் ஒலிக்கும்போது, கண்ணுள்ள நாம் எத்தனை நாள் வாசிக்காமலே இருந்துவிட்டோம் என்பதும் நமக்கு உறைக்கும்.

ஒரு பட்டறைக் குழந்தை, ஒரு பங்குத்தந்தை, ஆறு புள்ளிகள். இவற்றைக் கொண்டு இறைவன் எத்தனை வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறார்! தறியும் இராட்டையும் ஓடும் நம் களம்பூர் வீடுகளிலும் அப்படி ஒரு குழந்தை இருக்கலாம். அந்தக் குழந்தைக்காக நாமே முடிவு செய்துவிடாமல், அருகில் அமர்ந்து, முதலில் கேட்போமா?